விற்காத சாமானுக்கும் வாடகை

அமெரிக்காவில் யாஹூ இணைய ஏலத்தில் சாமான் போடுவது முதலில் இலவசம். 2001 ஜனவரியில் ஒரு சாமானுக்கு 20 சதம் முதல் 2.25 டொலர் வரை அறவிடத் தொடங்கினார்கள். பட்டியல் மளமளவெனச் சுருங்கியது.

20 சதம் ஒரு காசா என்று நம்மவர் கேட்கலாம். தரகு என்றால் விற்றால்தான் கொடுக்க வேண்டும்; இதுவோ விற்காவிட்டாலும் போகும் காசு. பத்துப் பழைய புத்தகம் போட்டு ஒன்றை விற்பவருக்கு, அந்த ஒன்றின் தலையில் 2 டொலர் ஏறும். நாலு டொலர் புத்தகம் அதைத் தாங்குமா? இப்படிப்பட்டவர்தான் முதலில் கழன்றுகொள்வார்.

ஈபேயிலும் கட்டணம் இருந்தது. ஆனால் அங்கே வாங்கும் சனம் அதிகம், ஆகவே கொடுத்தார்கள். 2005இல் யாஹூ கட்டணத்தை நீக்கியும் பழைய வியாபாரம் திரும்பவில்லை. 2007இல் அமெரிக்க ஏலத்தை மூடிவிட்டார்கள்.