விருந்துடன் வந்த சேனை

மாற்று உறுப்புச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவோர் ஓர் அபாயத்தையே பெரிதாகச் சொல்வது வழக்கம். புதிதாக வந்த உறுப்பைச் சரீரம் அன்னியமெனக் கண்டு தள்ளிவிடும் என்பதே அது. அந்தப் பயம் நியாயமானதே. 1954-ம் வருஷம் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர் முதன்முதலாகச் சிறுநீரகம் மாற்றி வெற்றி கண்டபோது, உருவொத்த இரட்டைச் சகோதரர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுவே. ஆனால் இதற்கு நேர்மாறான சங்கதி ஒன்றுண்டு. வீட்டுக்காரன் விருந்தாளியைத் துரத்துவது ஒருவகை. விருந்தாளி வீட்டுக்காரனைத் தாக்குவது மற்றொரு வகை. இந்த இரண்டாவதை நம்மவரில் அநேகர் கேள்விப்பட்டதே இல்லை.

1901-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனித ரத்தத்தை வகை பிரித்துக் காட்டினார். ஓ வகை ரத்தத்தின் சிவப்பு அணுக்களில் ஏ, பி என்னும் அடையாளங்கள் இரண்டும் இல்லை. ஆகவே அவ்வகையினர் எவருக்கும் கொடுக்கலாமென்று சொல்லி வருகிறோம். உறுப்பு தானத்தில் இச்சொல் பாதி உண்மையேயாகும். ஓ வகைத் தம்பி ஏ வகைத் தமக்கைக்குச் சிறுநீரகம் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு கழுவினாலும், அவனுடைய நிணநீர் அணுக்கள் சில அவ்வுறுப்பிலேயே தங்கித் தமக்கையின் உடலுக்குள் பிரவேசிக்கின்றன. அவற்றுக்கு ஏ என்ற அடையாளம் பகைவனின் கொடி. உறுப்பைக் காக்கும்பொருட்டு நோயாளியின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கியிருப்பதால், வந்த சேனையை விரட்டுவாரும் இல்லை. அது எதிர்ப்பொருளை உற்பத்தி செய்து, தமக்கையின் சிவப்பு அணுக்களைச் சிதைக்கிறது.

இது பெரும்பாலும் சிகிச்சைக்குப் பின் முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் நிகழ்கிறது. சோர்வு, மஞ்சள் பாய்ந்த கண், கறுத்த சிறுநீர், திடீரென வீழும் ஹீமோகுளோபின் ஆகியவை இதன் குறிகள். சிறுநீரகத்தைவிடக் கல்லீரலிலும், இருதயமும் நுரையீரலும் சேர்த்து மாற்றும்போதும் இது அதிகம் காணப்படுகிறது. அந்நாட்களில் நோயாளி வீடு திரும்பியிருக்கவும் கூடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். உள்ளே ரத்தம் கசிகிறதென்றோ, உறுப்பு ஒவ்வவில்லை என்றோ மயங்குவது எளிது. நோயாளி ஏ வகைதானே என்று ஏ வகை ரத்தத்தையே ஏற்றினால், எரியும் அடுப்பில் விறகைத் திணித்ததாகும். ஏற்றவேண்டியது ஓ வகைச் சிவப்பு அணுக்களே. 1945-ல் வெளியான கூம்ஸ் பரிசோதனை, அணுக்களின்மேல் எதிர்ப்பொருள் படிந்திருப்பதைக் காட்டிக் கொடுக்கும். வந்த அணுக்கள் நீடித்து வாழ்வதில்லை; ஆதலால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இத்தொல்லை தானே அடங்கும். அசட்டை செய்த இடத்திலோ சிறுநீரகம் கெட்டு, அபூர்வமாக உயிருக்கும் ஆபத்து நேர்வதுண்டு.

இதைக் கொண்டு ஓ வகையினரின் தானத்தை மறுக்க வேண்டுமென்று எவரும் எண்ணலாகாது. உறவினரின் தானத்தையே பெரிதும் நம்பி நிற்கும் நம் நாட்டில் அது பெருங்கேடாகும். நாம் வேண்டுவது மூன்று. நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் விஷயத்தை முன்கூட்டியே சொல்லுதல். அந்த வாரங்களில் ரத்தத்தைத் தவறாமல் சோதித்தல். வீடு செல்வோர் கையிலுள்ள சீட்டில் கொடுத்தவரின் ரத்த வகையையும் குறித்தல். நள்ளிரவில் வேற்றூர் ஆஸ்பத்திரிக்கு அந்த நோயாளி வந்து சேர்ந்தால், அங்குள்ள வைத்தியருக்கு வழிகாட்டுவது அந்த ஓர் எழுத்தேயாகும்.