வந்த பணமெல்லாம் வருமானமா?

சகோதரிகளே, ஜப்பானில் சம்பளத்துக்கு உழைப்பவருக்கு வரிக் கவலை குறைவு. ஆண்டு முடிவில் கம்பனியே கணக்கைத் தீர்த்துவிடும். ஆனால் அங்கு குடியிருந்து, மொழிபெயர்ப்பு, எழுத்து போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே சுயமாகச் செய்பவர் தன் கணக்கைத் தானே ஒப்புவிக்க வேண்டும். இதற்குப் பெயர் 'காகுதெய் ஷின்கொகு'. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கை, வழமையாக அடுத்த ஆண்டு பெப்ரவரி 16க்கும் மார்ச் 15க்கும் இடையில் வரிக் காரியாலயத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும்.

படிவம் ஜப்பானிய மொழியில் இருக்கும். பார்த்ததும் தலை சுற்றத்தான் செய்யும். ஆயினும் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். 'ஷூன்யூ' என்பது உழைப்புக்குக் கிடைத்த மொத்தக் கூலி. 'ஷொதோகு' என்பது அதில் தொழிற் செலவைக் கழித்த மிச்சம். இரண்டுக்கும் படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. வரி கணிக்கப்படுவது ஷொதோகுவை வைத்தே.

ஓர் உதாரணம் பாருங்கள். மாதம் 100,000 யென்னுக்கு ஒரு கம்பனிக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறீர்கள். கம்பனி 10.21 சதவீதத்தை வரிக்கென முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, 89,790 யென்னையே உங்கள் வங்கிக் கணக்கில் இடும். ஆண்டுக்கு 122,520 யென் இப்படிப் பிடிபடும். வங்கிக்கு வந்ததை மட்டும் ஷூன்யூ என எழுதாதீர்கள். 1,200,000 என்பதே சரி. கணினி, அகராதி, தொலைபேசிக் கட்டணத்தில் தொழிலுக்குரிய பங்கு என 300,000 செலவாகியிருந்தால் ஷொதோகு 900,000.

2025ஆம் ஆண்டுக் கணக்கில், ஷொதோகு 1,320,000 யென்னைத் தாண்டாதவருக்கு அடிப்படைக் கழிவு 950,000 யென். வேறு வருமானம் இல்லையென்றால் உங்களுக்கு வருமான வரியே இல்லை. பிடித்த 122,520 யென்னும் திரும்பி வரும்.

செலவைக் கழிக்க மறந்து 1,200,000ஐயே ஷொதோகு என எழுதினால்? வேறு கழிவுகள் இல்லாதபோது 12,762 யென் வரியாகப் போய்விடும். அத்தோடு முடிவதில்லை. வதிவிட வரியும், தேசிய சுகாதாரக் காப்புறுதிக் கட்டணமும் ஷொதோகுவை வைத்தே கணிக்கப்படுகின்றன. ஒரு கட்டத்தில் விட்ட பிழை, மூன்று இடங்களில் பணத்தைக் கரைக்கும்.

எனவே பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். மாதம் ஒரு கடித உறையிலிட்டு, மேலே தொகையை எழுதி வையுங்கள். உங்கள் மகளோ மருமகளோ அங்கு இப்படி உழைத்தும் கணக்கை ஒப்புவிக்காது விட்டிருந்தால், இன்றே சொல்லுங்கள்: கூடுதலாகப் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்க 5 ஆண்டுகள் அவகாசம் உண்டு. கேட்காதவருக்கு அது தானாக வராது.