ஜவ்வாது மலையில் பழைய வீட்டை இடிப்பவர்களுக்கு

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் பழைய தொகுப்பு வீட்டையோ மண்சுவர் வீட்டையோ அகற்றிவிட்டு, ‘கலைஞரின் கனவு இல்லம்’ போன்ற திட்டங்களின் உதவியால் கான்கிரீட் வீடு எழுப்ப முனைகிறவர்கள், கட்டுவதற்கு நல்ல மேஸ்திரியை நாலு இடத்தில் விசாரிக்கும் அளவுக்கு, இடிப்பதற்கு யாரை அழைப்பது என்று யோசிப்பதில்லை; கடப்பாரை பிடிக்கத் தெரிந்தால் போதும் என்ற அந்த எண்ணம் உயிருக்கே அபாயமானது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பக்கத்தில் எஞ்சி நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று, சுற்றுப்புறத்து ஜனங்களை முன்னதாகவே அப்புறப்படுத்திவிட்டு, தூண்களில் வெடிமருந்து வைத்துச் சில விநாடிகளில் தரைமட்டமாக்கியது திருப்பூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம். மலைவீட்டுக்கு வெடிமருந்து வேண்டாம், முன்யோசனை வேண்டும். முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கச் செய்து, பிறகு கூரையைப் பிரித்து, சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக இறக்குவதே முறை. சீக்கிரம் முடியும் என்று அடியில் குடைந்து சுவரைச் சாய்ப்பவரிடம் வேலையை ஒப்படைக்கலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண்சுவர் எந்தப் பக்கம் விழும் என்று எவராலும் சொல்ல இயலாது. சரிவில் கீழே வீடு இருப்பின் ஆபத்து இரட்டிப்பு. இடிபாட்டை ஓடையில் தள்ளுவதோ பெருங்குற்றம். செய்யாற்றுக்கு நீர் தருவது இம்மலைதானே.

ஆகவே, முன்பு இடித்த வீடுகளை நேரில் கண்டு, தலைக்கவசமும் கயிறும் வைத்திருக்கிறாரா என்று விசாரித்து, ஊராட்சி ஒன்றியப் பொறியாளரின் அபிப்பிராயத்தையும் கேட்ட பின்னரே ஒப்பந்தக்காரரை அமர்த்துங்கள். ஒரு தாளிலாவது எழுதி இருவரும் கையெழுத்திடுவது அவசியம்: பழைய மரமும் ஓடும் கம்பியும் யாருக்கு, மண்ணை யார் அப்புறப்படுத்துவது, அண்டை வீட்டுக்குச் சேதம் நேர்ந்தால் நஷ்டஈடு யார் பொறுப்பு. பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். கழற்றிய தேக்கு நிலையின் மதிப்பு கூலியைவிட அதிகமாகவும் இருக்கக்கூடும். அதைப் பேசாமல் விடுவது ஏழைக்குப் பெருநஷ்டம்.

கட்டடம் இடிக்கையில் மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தக்க ஏற்பாடு செய்யாத அஜாக்கிரதை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 290ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கும், 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். பணத்தைப் பெற்று வேலையைக் கெடுத்தவர்மேல் இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இடிக்கும் தொழிலாளியும் கட்டுமானத் தொழிலாளியே என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்துவிட்டது. நலவாரியத்தில் பதிந்திருந்தால், விபத்து நேரும்போது அவர் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று மலைவாசிகள் தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளித்திருக்கிறது; 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலே அதற்கு வழி கிடைக்கும்.