நெற்றிக் கோட்டுக்கு ஊசி: எத்தனை யூனிட், யார் கையால்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருப்பது ஓசூர் சாலையில். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நெரிசலில் ஊர்ந்து போனால் அங்கே சேரலாம். கண் இமை தானாக இறுகித் திறக்க மறுப்பவர்கள், முகத்தின் ஒரு பாதி மட்டும் வெட்டி வெட்டி இழுப்பவர்கள், கழுத்து ஒருபுறமாகத் திருகிக்கொண்டவர்கள் ஆகியோருக்கு அங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள் போடும் ஊசிகளில் ஒன்று பொட்டுலினம் டாக்ஸின். ஓசூரின் தோல், முடி கிளினிக்குகளின் பலகைகளில் 'போடாக்ஸ்' என்று எழுதியிருப்பதும் அதே மருந்துதான். அங்கே இழுப்பை நிறுத்தப் போடுவதை இங்கே நெற்றிக் கோட்டை அழிக்கப் போடுகிறார்கள்.

சினிமாக்காரர்களுக்கும் பெங்களூரு பணக்காரர்களுக்கும் மட்டுமான விஷயமாக அது இப்போது இல்லை. 1970-களில் சிப்காட் வந்த ஊர் ஓசூர். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்து, இன்று கூத்தனப்பள்ளி டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி ஓலா வரை கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க ஆலைகள். பெண்கள் பெருமளவில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள், கையில் சொந்தச் சம்பளம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்தபின் பெங்களூரு கிளினிக்குகளும் பக்கத்தில் வந்துவிட்டன. கல்யாணம், வேலை நேர்காணல், இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு சலுகை என்று காரணம் எதுவாக இருந்தாலும், ஊசிக்கு முகத்தைக் காட்டுமுன் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முகத்தில் விழும் கோடுகள் இரண்டு வகை. புருவத்தைச் சுளித்தாலோ சிரித்தாலோ மட்டும் தெரிவது ஒன்று. முகம் சும்மா இருக்கும்போதும் தெரிவது இன்னொன்று. மடித்த இடத்திலேயே பல வருடம் மடித்து வைத்த பட்டுப்புடவையின் மடிப்புபோல, முதல் வகைதான் நாளடைவில் இரண்டாவதாக மாறுகிறது. நரம்பு தசையைச் சுருங்கச் சொல்வது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வழியாக. பொட்டுலினம் டாக்ஸின் நரம்பின் முனைக்குள் புகுந்து அந்த வேதிப்பொருள் வெளியே வராமல் தடுத்துவிடுகிறது. கட்டளை வராத தசை சில மாதம் தளர்ந்து கிடக்கும், அதன் மேல் உள்ள தோல் மடியாது. பிறகு நரம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும், சுளிப்பும் திரும்ப வரும். ஆகவே முதல் வகைக் கோட்டுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஆழமாகப் பதிந்துவிட்ட இரண்டாம் வகை கொஞ்சம் மென்மையாகும், முழுதாக மறையாது.

கன்னக் குழிவை நிரப்புவதும் உதட்டைப் பெரிதாக்குவதும் ஃபில்லர் என்ற வேறு ஊசியின் வேலை. முகக் கருமைக்கும் மங்குவுக்கும் போடாக்ஸில் எந்தப் பலனும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், நம் தோலில் உள்ள மெலனின் வெயிலை ஓரளவு தடுப்பதால் வெள்ளையர்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகவே விழுகிறது, முன்னால் வருவது பெரும்பாலும் நிறத் திட்டுகள்தான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குபவருக்கும், பவர் கண்ணாடி தேவைப்பட்டும் போடாமல் திரையை முறைப்பவருக்கும் புருவ நடுவில் கோடு விழாமல் என்ன செய்யும்? அவர்கள் முதலில் போக வேண்டியது கண் மருத்துவரிடம்.

இந்த மருந்தின் வரலாறு கெட்டுப்போன இறைச்சியில் தொடங்குகிறது. 1820-களில் ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் தொத்திறைச்சி தின்று இறந்தவர்களின் நோய்க்குறிகளை விரிவாக எழுதினார். அதே நஞ்சு மிக மிகச் சிறிய அளவில் மருந்தாகலாம் என்றும் அப்போதே ஊகித்தார். 1895-ல் பெல்ஜியத்தில் ஓர் இழவு வீட்டு விருந்தில் உப்பிட்ட பன்றி இறைச்சி சாப்பிட்டவர்கள் நோயுற்றபோது, அதிலிருந்து அந்த நஞ்சைச் சுரக்கும் கிருமியைப் பிரித்தெடுத்தார் எமீல் வான் எர்மெங்கம். நூறாண்டு நஞ்சாகவே பார்க்கப்பட்டதை மருந்தாக்கியவர் சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் அவர் உருவாக்கிய ஊசிக்கு 1989 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

அழகுக் கதை தொடங்கியது கனடாவின் வான்கூவரில். ஜீன் கருத்தர்ஸ் கண் மருத்துவர், அவர் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இமை இறுக்கத்துக்கு வந்த ஒரு பெண், இந்த முறை ஏன் புருவத்தில் போடவில்லை என்று 1987-ல் குறைப்பட்டுக்கொண்டார். அங்கே போட்டால் முகம் கவலையற்றுத் தெரிகிறதாம். தம்பதிக்குப் பொறி தட்டியது. அடுத்து ஊசி போட்டுக்கொண்டது அவர்கள் கிளினிக்கின் வரவேற்பாளர். 1992-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்க அனுமதி 2002-ல், கண்ணோரக் கோட்டுக்கு 2013-ல், நெற்றிக்கு 2017-ல் கிடைத்தது.

சரி, கிளினிக்கில் என்ன நடக்கும்? நல்ல மருத்துவர் ஊசியை எடுக்குமுன் நிறையக் கேள்வி கேட்பார். கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, மயஸ்தீனியா போன்ற தசை பலவீன நோய் உண்டா, ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் ஓடுகிறதா, ஊசி போடும் இடத்தில் சீழோ புண்ணோ இருக்கிறதா? எதற்காவது ஆம் என்றால் ஊசி தவிர்க்கப்படும் அல்லது தள்ளிப்போடப்படும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும், ரத்தம் கட்டும் வாய்ப்பு அதிகம். பிறகு புருவத்தைச் சுளி, உயர்த்து, சிரி என்று சொல்லிப் போட்டோ எடுத்து, தசை எங்கே இழுக்கிறது என்று குறித்துக்கொள்வார்.

மருந்து குப்பியில் பொடியாக வரும். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய அதை உப்புநீரில் கரைத்து மெல்லிய ஊசியால் போடுவார்கள். போடாக்ஸ் பிராண்டில் வழக்கமான அளவு புருவ நடுவுக்கு ஐந்து இடத்தில் மொத்தம் 20 யூனிட், இரு கண்ணோரங்களுக்கும் சேர்த்து 24. 100 யூனிட் குப்பியில் உள்ள நச்சு சுமார் 5 நானோகிராம்தான்: ஒரு கிராமை இருபது கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு. ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல என்பதால் எண்ணை மட்டும் கேட்டு ஒப்பிடுவதில் பயனில்லை, பெயரையும் கேட்க வேண்டும். ஊசி வேலை பத்துப் பதினைந்து நிமிடம். எறும்பு கடித்த அளவு வலி. கொசுக்கடி போன்ற தடிப்பு சிறிது நேரத்தில் அமுங்கிவிடும்.

அடுத்த நான்கு மணி நேரம் படுக்க வேண்டாம், முகத்தைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்வார்கள். படுக்கக் கூடாது என்பதற்கு வலுவான ஆய்வுச் சான்று குறைவு, ஆனாலும் கடைப்பிடிப்பதில் நஷ்டம் இல்லை. நைட் ஷிப்ட் முடித்து நேராகக் கிளினிக்குக்குப் போய்விட்டு ஹாஸ்டலில் குப்புறப் படுத்துத் தூங்கும் திட்டம் மட்டும் சரிப்படாது. நெற்றியை அழுத்தும் ஹெல்மெட்டும் பார்லர் ஃபேஷியலும் இருக்கும் நாளைத் தவிர்த்துவிடலாம். மறுநாள் வேலைக்குப் போக எந்தத் தடையும் இல்லை.

கண்ணாடியைப் பார்த்து ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். ஊசி போட்ட அன்று எதுவும் மாறியிருக்காது. இரண்டு முதல் நான்கு நாளில் தசை தளரத் தொடங்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். அதற்குமுன், பத்தவில்லை என்று வேறிடத்தில் இன்னொரு ஊசி போட்டுக்கொள்வது அபாயம். தை முகூர்த்தத்துக்கு என்றால் கல்யாண வாரத்தில் போய் நிற்கக் கூடாது. ஒரு மாதம் முன்பே போட்டுவிட்டால் குறை இருந்தாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் பலன் தேய்ந்துவிடும். அதன்பின் போடாமல் விட்டால் முகம் பழைய நிலைக்கு வரும், முன்னைவிட மோசமாகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

தலைவலி, சிறு ரத்தக்கட்டு ஆகியவை சகஜம். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் ஒரு கண் இமை தொங்கலாம், புருவம் ஒன்று மேலேறலாம். பார்க்கச் சங்கடம்தான், ஆனால் சில வாரங்களில் தானே சரியாகும். கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டுமுன் இதை வாய்விட்டுச் சொல்லாத மருத்துவரிடம் போட்டுக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

விலை யூனிட்டுக்குச் சில நூறு ரூபாய். புருவ நடுவுக்கு மட்டுமே பல ஆயிரம் ஆகும், வருடத்தில் மூன்று முறை என்றால் ஒரு மாதச் சம்பளத்தைத் தொடலாம். அழகுக்கான சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. 'முழு முகத்துக்கும் இவ்வளவு' என்று பேக்கேஜாகச் சொல்லி யூனிட் கணக்கைச் சொல்லாத இடங்களில் கூடுதலாக நீர் கலந்த மருந்து போடப்படும் வாய்ப்பு உண்டு. நீர்த்த ஊசி சீக்கிரம் பலன் இழக்கும், கண்ட இடத்துக்குப் பரவவும் செய்யும்.

நீர்த்த மருந்தாவது பணநஷ்டத்தோடு போகும். போலி மருந்து அப்படியல்ல. 2004 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், உரிமம் இடைநிறுத்தப்பட்ட ஒரு மருத்துவர் ஆய்வகத்துக்கான நச்சை வாங்கித் தனக்கும் இன்னும் மூவருக்கும் போட்டார். நால்வரும் உடல் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 11 மாநிலங்களில் 22 பெண்கள் பாதிக்கப்பட்டதாக அறிவித்தது. உரிமம் இல்லாதவர்களிடமோ, வீடு, ஸ்பா போன்ற இடங்களிலோ போட்டுக்கொண்டவர்கள் அவர்கள், பாதிப் பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இங்கிலாந்தில் 2025 ஜூன் 4 முதல் ஜூலை 14 வரை மட்டும் 38 பேருக்கு ஊசியால் பொட்டுலிசம் என்ற நச்சுப் பாதிப்பு வந்தது.

நம் பக்கத்தில் உயிர்கள் போனது வேறு அழகுச் சிகிச்சைகளில். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன 22 வயது மருத்துவ மாணவர் இறந்தார். அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலைய உரிமம்தான் என்று பிறகு தெரிந்தது. மருத்துவம் படித்தவரே பலகையை நம்பிப் போயிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பின் 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் முடி நடும் சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்ப்பது பயிற்சி ஆகாது என்று சொன்னது.

எல்லை ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லையில் உள்ள ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் கிளினிக் இருந்தால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும், புகார் கொடுக்க மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. சில கிலோமீட்டர் தாண்டி அத்திப்பள்ளி போனால் 2007-ஆம் ஆண்டின் கர்நாடகத் தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டம், பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம். கர்நாடகத்தில் பதிவு எண்ணைப் பலகையிலேயே எழுத வேண்டும், அலோபதிக்கு நீலம், ஆயுர்வேதத்துக்குப் பச்சை என்று நிறமும் பிரித்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் போட்டுக்கொண்ட ஊசிக்குக் கிருஷ்ணகிரியில் புகார் கொடுத்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

ஊசி போடுபவரின் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலும், கர்நாடகத்தில் பதிந்தவர் என்றால் அந்த மாநிலக் கவுன்சிலின் பட்டியலிலும் தேடிப் பார்க்கலாம். தோல் மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் கவலை குறைவு. முகத்தாடை அறுவைப் பல் மருத்துவர்களும் முக அழகுச் சிகிச்சை செய்யலாம் என்று பல் மருத்துவக் கவுன்சில் 2022 டிசம்பரில் சொன்னதைத் தோல் மருத்துவர்கள் எதிர்த்து வருகிறார்கள். அந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கிய பியூட்டீஷியனுக்கு அதில் இடமில்லை. பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-வது பிரிவு ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

குப்பியைக் கண்முன் எடுக்கச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் போனில் படம் எடுத்து, போட்ட யூனிட்டைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஊசிக்குச் சில மணி நேரத்திலோ சில வாரத்திலோ விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, மூச்சுத் திணறல் வந்தால் போட்ட கிளினிக்குக்குப் போன் செய்து காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எதிர்மருந்து நஞ்சு மேலும் பரவாமல் நிறுத்துமே தவிர, ஏற்கெனவே செயலிழந்த தசையை உடனே மீட்காது. ஊசி போட்ட விவரத்தைச் சொல்லாவிட்டால் பணியில் இருக்கும் மருத்துவர் முதலில் பக்கவாதத்தைத் தேடுவார், எதிர்மருந்துக்கான நேரம் அதில் போய்விடும்.