படியளந்து ஓடும் கார்

மின்சாரக் கார் வைத்திருக்கும் பலர் ஊருக்குள் அதைத் தயங்காமல் ஓட்டுகிறார்கள். சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்பும்போது மட்டும் பெட்ரோல் வண்டிச் சாவியைத் தேடுகிறார்கள். நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? நியாயமான பயம்தான். ஆனால் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால் அந்தப் பயம் ஒரு கணக்காகிவிடும். கணக்கு என்றால் கிளம்பும் முன்பே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், வீட்டில் நெல்லும் அரிசியும் புழங்கிப் பார்த்திருந்தால் போதும்.

முதலில் பேட்டரி. நாம் கால் வைக்கும் தளத்துக்குக் கீழே பலகை போலப் படுத்திருக்கும். இதை அரிசி டிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்குப் படி இருப்பது போல இதற்கும் ஓர் அளவை உண்டு. கிலோவாட் மணி என்று விளம்பரத்தில் போடுவார்கள், கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். நடுத்தரக் கார் ஒன்றின் டிரம் 45 யூனிட் பிடிக்கும் என்று கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 9 யூனிட் ஆற்றல். அப்படியானால் இந்த மொத்த டிரம்மும் 5 லிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம்! அதை வைத்துக்கொண்டு எப்படி 300 கிலோமீட்டர் போக முடிகிறது? பெட்ரோல் என்ஜின் தனக்குள் போட்டதில் முக்கால் பங்கு வரை வெறும் சூடாக வெளியே விட்டுவிடுகிறது. மின் மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

அடுத்தது செலவு. நெடுஞ்சாலையில் 85, 90 வேகத்தில் போனால் இப்படிப்பட்ட கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும். வேகம் கூடினால் செலவு அதே விகிதத்தில் கூடாது, அதைவிட வேகமாக ஏறும். எதிரே வரும் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கான செலவு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் அந்தச் செலவு ஒன்றரை மடங்குக்கு மேல், 120-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. வேகமாக ஓட்டி மிச்சப்படுத்திய நேரத்தை சார்ஜரின் முன்னால் நின்று திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். 90-ஐத் தாண்டாமல் போவதே முதல் பயணத்துக்கு நல்லது என்பேன்.

ஏசியை அணைத்துவிட்டு வேர்த்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாத தியாகம். வண்டி ஒரு முறை குளிர்ந்துவிட்டால் ஏசிக்கு மணிக்கு ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் ஆகும். அதாவது ஏழு கிலோமீட்டர் ஓட்டம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மே மாதத்தில் போகிறவர்கள் இதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சிந்திய அரிசியைக் கூட்டி எடுத்து டிரம்மில் போடும் வேலையும் இந்தக் காரில் உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. அப்போது மோட்டார் ஜெனரேட்டராகி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. நின்று நின்று போகும் நகரச் சாலையில் இப்படிக் கூட்டி எடுப்பதற்கு நிறைய வாய்ப்பு. சீராக ஓடும் நெடுஞ்சாலையில் சிந்துவதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. இதனாலும், நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைக் கிழிக்கும் செலவு கூடுவதாலும்தான் பெட்ரோல் வண்டிக்கு நேர்மாறாக, மின்சாரக் கார் ஊருக்குள் அதிக தூரமும் நெடுஞ்சாலையில் குறைந்த தூரமும் கொடுக்கிறது. திரையில் தெரியும் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்பதும் இதுவரை நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து வண்டி போடும் மதிப்பீடு. கிளம்பும்போது 350 என்று காட்டியது செங்கல்பட்டு தாண்டியதும் கிடுகிடுவென்று இறங்கினால் பதற வேண்டாம். பேட்டரி சதவீதத்தை மட்டும் பார்த்து ஓட்டுங்கள்.

இனி சார்ஜ் ஏற்றுவது. பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஏ.சி. கரண்ட். பேட்டரியில் சேமிக்க முடிந்தது டி.சி. கரண்ட் மட்டுமே. வருவது நெல், டிரம்மில் போடக்கூடியது அரிசி. அப்படியானால் நடுவில் யாராவது குத்தித் தர வேண்டும். அதற்காகக் காருக்குள்ளேயே ஒரு சின்ன உரல் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஆன்போர்டு சார்ஜர். வீட்டில் 15 ஆம்ப் பிளக்கில் சொருகினால் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும், சுவரில் பொருத்தும் பெட்டியில் 7 யூனிட். காலி பேட்டரி நிறைய ஓர் இரவு முழுக்க ஆவது இந்த உரலின் வேகத்தால்தான்.

நெடுஞ்சாலையில் ஆளுயரத்துக்கு நிற்கும் டி.சி. பாஸ்ட் சார்ஜர் வேறு சங்கதி. அது வெளியே வைத்த ரைஸ் மில். நெல்லை அதுவே அரைத்து, அரிசியாக நேரே டிரம்மில் கொட்டிவிடும். உரலுக்கு அங்கே வேலையே இல்லை. 30, 60, 120 கிலோவாட், அதாவது மணிக்கு அத்தனை யூனிட், என்று பல அளவில் இருக்கும். ஆனால் மில் எவ்வளவு பெரிதானாலும் டிரம்மின் வாய் எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே போகும். உங்கள் கார் 50 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது என்றால் 120 கிலோவாட் சார்ஜரிலும் 50-தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பல சார்ஜர்களில் காரில் சொருகும் துப்பாக்கி இரண்டு இருக்கும். பக்கத்தில் இன்னொரு கார் வந்து சொருகியதும் 60 என்பது 30, 30 என்று பிரிந்துவிடும். ஆகவே யாரும் இல்லாத சார்ஜரைத் தேடி நிறுத்துங்கள்.

டிரம்மில் அரிசி கொட்டும்போது என்ன செய்வோம்? முதலில் மூட்டையை அப்படியே சாய்ப்போம். முக்கால் நிறைந்ததும் கையை இறுக்குவோம். விளிம்பு வந்ததும் குலுக்கிக் குலுக்கிப் பிடிப்பிடியாகப் போடுவோம். பேட்டரிக்குள்ளும் அப்படித்தான். லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் கிராபைட் அடுக்குகளுக்கு நடுவே உட்கார வேண்டும். இடம் நிறைய இருக்கும்வரை அவை விரைந்து உட்காரும். நிறையும் நேரத்தில் அவசரப்படுத்தினால் உள்ளே புகாமல் மேலேயே படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். அதனால் பேட்டரியின் மேலாண்மைக் கணினி 80 சதவீதத்தை ஒட்டி ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. சார்ஜரின் திரையில் கிலோவாட் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். 48, 47 என்று நிதானமாக இருந்தது 80-ஐத் தாண்டியதும் 25, 15 என்று சரிவது கண்ணெதிரே தெரியும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் அதற்கு முந்தைய 50 சதவீதத்துக்கு ஆன நேரத்தைத் தொட்டுவிடும்.

இப்போது மதுரைக்குக் கணக்குப் போடுவோம். சென்னையிலிருந்து சுமார் 460 கிலோமீட்டர். வீட்டில் இரவே 100 சதவீதம் ஏற்றி, விடியற்காலையில் கிளம்புகிறோம். உளுந்தூர்பேட்டை வரை 200 கிலோமீட்டர், 30 யூனிட் போச்சு, கையில் 15. அங்கே ஹோட்டல் வளாகத்தில் சார்ஜரில் போட்டுவிட்டு இட்லி, பொங்கல், காபி. அரை மணி நேரத்தை ஒட்டி 80 சதவீதம், அதாவது 36 யூனிட். அதற்கு மேல் நிற்க வேண்டாம். திருச்சி வரை 130 கிலோமீட்டர், 20 யூனிட் செலவு, கையில் 16. அங்கே 20 நிமிடம் நின்றால் 30 யூனிட் ஆகிவிடும். மதுரை 135 கிலோமீட்டர். போய்ச் சேரும்போது 10 யூனிட் மிச்சம் இருக்கும்.

உளுந்தூர்பேட்டையிலேயே 100 வரை நிரப்பி ஒரே மூச்சில் போகலாமே என்று தோன்றும். போகலாம். ஆனால் அந்தக் கடைசி 9 யூனிட்டுக்காக இன்னொரு அரை மணி நேரம் காத்திருந்தும், மதுரையில் 5 யூனிட்தான் மிஞ்சும். எதிர்க்காற்றோ கனமழையோ வந்தால் அதுவும் கரையும். இரண்டு சின்ன நிறுத்தமே மேல்.

நிறுத்தும் இடத்தில் சார்ஜர் வேலை செய்யாமலும் போகலாம். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 30 கிலோமீட்டருக்குள் மாற்று இடம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களின் ஆப்களை வீட்டிலேயே இறக்கி, வாலட்டில் பணமும் போட்டுவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபிக்குக் காத்திருப்பது பெரிய அவஸ்தை. சார்ஜரைச் சொருகிய சிறிது நேரத்தில் காரின் மின்விசிறி உறுமும் சத்தம் கேட்கும். வேகமாக ஏற்றும்போது பேட்டரி சூடாகும், அதைக் குளிர்விக்கிற சத்தம் அது.

மதுரையில் தங்கும் வீட்டில் 15 ஆம்ப் பிளக் இருந்தால் இரவில் உரலை ஓடவிடலாம். பத்து மணி நேரத்தில் 30 யூனிட். ஆனால் அந்த பிளக்கில் எர்த் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். போகும் முன்பே போன் செய்து எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மறுநாள் கொடைக்கானல் ஏறுவதாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆட்களோடு 1,800 கிலோ எடையை மலையடிவாரத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும், அதற்கு மட்டும் 9 யூனிட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பிவரும், டிரம்மில் இடம் இருந்தால். ஆகவே மேலே தங்கும் விடுதியில் 100 வரை ஏற்றாமல் 80-க்குள் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள். நிறைந்த பேட்டரியில் மோட்டாரால் வேகத்தைப் பிடித்து இழுக்க முடியாது, மலை முழுக்க பிரேக்கையே மிதிக்க வேண்டியிருக்கும்.