வியட்நாம் வீதிகள்

நாட்டுக்கு நாடு மொழி வேறுபடுதல் போல, வீதியில் வண்டி செலுத்தும் முறையும் வேறுபடும். பிழைப்பை நாடி அயல்நாடு சென்று வாழ்வோர், அந்நாட்டு மொழியைக் கற்கும் முன்னரே அதன் வீதியைக் கற்றாக வேண்டும். மொழியிற் பிழை நேர்ந்தால் நகைப்பு விளையும்; வீதியிற் பிழை நேர்ந்தால் உயிருக்கே கேடு விளையும். வியட்நாமில் குடியேறிய அயலார் இவ்வுண்மையை நன்கு அறிவர்.

அந்நாட்டின் தலைநகர் ஹனோய். தெற்கிலுள்ள பெருநகர் ஹோ சி மின் நகரம். இவ்விரு நகரங்களிலும் மக்களுள் மிகப் பலர் மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றனர். காலை வேளையில் வண்டிகள் வெள்ளமெனப் பெருகும். பெற்றோரும் குழந்தைகளும் ஒரே வண்டியில் நெருங்கி அமர்ந்து செல்வர். ‘டெட்’ என்னும் புத்தாண்டுத் திருநாள் நெருங்குங்கால், பொன்னிறக் கனிகள் குலுங்கும் சிறு கிச்சிலி மரமும் தொட்டியோடு வண்டியேறிச் செல்லும்.

இக்காட்சியை முதன்முதற் காணும் அயலார் திகைப்புறுவர். இந்தியா, இங்கிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளில் வண்டிகள் இடப்பக்கம் செல்லும். இங்கோ வலப்பக்கம் செல்லும். ஆதலால், அந்நாட்டார் எத்திசையை முதலில் நோக்குவது என்று அறியாது மயங்குவர். நடப்போர்க்கென வரைந்த கோடுகளின்மேல் நின்றாலும் வண்டிகள் பெரும்பாலும் நிற்பதில்லை. ஊதுகுழல் ஓசையும் ஓய்வதில்லை. “இங்கு ஒழுங்கு என்பதே இல்லை” என்று அவர்கள் முடிவு செய்வர்.

சில திங்கள் வாழ்ந்தபின் அம்முடிவு மாறும். வீதியைக் கடக்கும் அந்நாட்டார் ஓடுவதில்லை, இடையில் திடுமென நிற்பதில்லை, பின்வாங்குவதும் இல்லை. ஒரே சீராக மெல்ல நடப்பர். மோட்டார் சைக்கிளில் வருவோர் அந்நடையைக் கணித்து, முன்னும் பின்னுமாக விலகிச் செல்வர். ஓடுபவர் அக்கணிப்பைப் பொய்யாக்குகின்றார். ஆதலின் அவரே இடருக்கு உள்ளாவார். ஊதுகுழல் ஓசையும் பெரும்பாலும் சினத்தின் அடையாளம் அன்று. “இதோ வருகின்றேன்” என்னும் அறிவிப்பே ஆகும். ஆயினும், பேருந்தும் லாரியும் அவ்வாறு எளிதில் விலக இயலாதவை. அவற்றிற்கு வழிவிட்டு நிற்பதே அறிவுடைமை.

இவ்வழக்கம் தோன்றியதற்குக் காரணம் உண்டு. முன்னாளில் அந்நகரங்களில் சைக்கிள்களே மிகுந்திருந்தன. 1986 ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பின்னர், மக்கள் கையிற் பொருள் சேர்ந்தது. சைக்கிளின் இடத்தை மோட்டார் சைக்கிள் பெற்றது. பேருந்து நுழைய இயலாத குறுகிய சந்துகளிலும் அது எளிதாக நுழைந்தது. வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிளை ‘ஸே ஓம்’ என்பர். ‘தழுவிச் செல்லும் வண்டி’ என்பது அதன் பொருள்.

எனினும், வழக்கம் ஒன்றே உயிரைக் காத்துவிடாது. முன்னர் அந்நாட்டில் பெரும்பாலோர் தலைக்கவசம் அணியாமலே சென்றனர். விபத்தில் தலை அடிபட்டு மாண்டோர் பலர். 2007 டிசம்பர் 15 முதல் தலைக்கவசம் எல்லா வீதிகளிலும் கட்டாயமாயிற்று. மிகச் சில நாட்களிலேயே ஏறத்தாழ எல்லோரும் அதனை அணியத் தலைப்பட்டனர். தலைக்காயங்களும் குறைந்தன. 2025 ஜனவரி 1 முதல், சிவப்பு விளக்கை மீறும் மோட்டார் சைக்கிளுக்கு 40 இலட்சம் முதல் 60 இலட்சம் டாங் வரை தண்டம் விதிக்கப்படுகிறது. இது தொழிலாளர் பலரின் அரைத் திங்கள் ஊதியத்திற்கு நிகராகும். அதன்பின் விளக்கின்முன் பொறுத்து நிற்போர் மிகுந்தனர்.

புதிதாக வந்தவர் அவ்வீதியைக் குழப்பம் என இகழ்வதும் தவறு. பழகியவர் அதனைக் குறையற்றதெனப் புகழ்வதும் தவறு. அதன் ஒழுங்கை அறிந்து நடத்தலும், உயிர் காக்கும் சட்டத்திற்கு அடங்கி ஒழுகலும் அங்கு வாழ்வோர் அனைவர்க்கும் உரிய கடமைகளாகும்.