விளையாட்டுச் சேமிப்புகளைப் பாதுகாப்போம்

வீடியோ கேம் என்றதும் பெற்றோரின் முகம் சற்றுச் சுருங்கும். ஆயினும் பல வீடுகளின் அலுமாரிகளில் ஒரு பழைய பிளேஸ்டேஷனோ கேம்போயோ தூசு படிந்து கிடக்கிறது. பிள்ளைகள் மாதக்கணக்கில் விளையாடி முன்னேறிய பதிவுகள் அதனோடு இருக்கின்றன. அவை எங்கே சேமிக்கப்படுகின்றன, எப்படி அழிகின்றன, எவ்வாறு காப்பாற்றலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆரம்ப கால விளையாட்டுகள் பலவற்றில் சேமிக்கும் வசதியே இருக்கவில்லை. சில விளையாட்டுகள் திரையில் ஒரு கடவுச்சொல்லைக் காட்டும். அதைக் கொப்பியில் எழுதி வைத்து மறுநாள் உட்செலுத்த வேண்டும். 1987 இல் அமெரிக்காவில் வெளியான 'த லெஜண்ட் ஒஃப் செல்டா' விளையாட்டின் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சிறு மின்கலம் இருந்தது. கார்ட்ரிட்ஜிலுள்ள எஸ்-ரேம் என்ற நினைவகத்துக்கு மின்சாரம் கிடைக்கும் வரை மட்டுமே தரவு நிலைத்திருக்கும். கேமை நிறுத்திய பின்னரும் அந்த மின்சாரத்தைக் கொடுப்பதே இம்மின்கலத்தின் வேலை.

மின்கலம் தீர்ந்தால் சேமிப்பும் போய்விடும். 1999 இல் ஜப்பானில் வெளியான 'போக்கிமொன் கோல்ட்', 'சில்வர்' ஆகியவற்றில் அதே மின்கலம் ஒரு கடிகாரத்தையும் ஓட்டுவதால் அது இன்னும் விரைவாகத் தீர்கிறது. புதிய மின்கலத்தைப் பொருத்துவதற்காகப் பழையதைக் கழற்றினாலும் தரவு அழியும். எனவே, முதலில் கார்ட்ரிட்ஜ் வாசிப்பான் என்ற கருவி மூலம் சேமிப்பைக் கணினிக்கு எடுக்க வேண்டும். அதன் பின்னரே மின்கலத்தை மாற்றி, சேமிப்பைத் திரும்ப எழுத வேண்டும். மின்கலம் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருப்பதால், அதை மாற்றும் வேலையைப் பழக்கமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

1994 இல் வந்த பிளேஸ்டேஷன் தனியான மெமரி கார்ட்டைப் பயன்படுத்தியது. அதன் கொள்ளளவு 128 கிலோபைட். அதில் 15 கட்டங்கள் மட்டுமே எமக்குக் கிடைக்கும். இன்று கைபேசியில் எடுக்கும் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றை வைக்க இத்தகைய 24 கார்ட்டுகள் தேவை! பிளேஸ்டேஷன் 2 இன் கார்ட் 8 மெகாபைட் கொண்டது. இவை ஃபிளாஷ் நினைவகம் என்பதால் மின்கலம் தேவையில்லை. ஆனால் சேமித்துக்கொண்டிருக்கும்போது கார்ட்டைப் பிடுங்கினாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ பதிவு பழுதாகலாம்.

பிளேஸ்டேஷன் 2 இல் மாற்றுப் பிரதி எடுப்பது எளிது. இரண்டு கார்ட்டுகளையும் இரு துளைகளிலும் செருகி, வட்டு இல்லாமல் இயக்குங்கள். திரையில் 'பிரவுசர்' என்பதைத் தெரிவு செய்து முதல் கார்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு சிறு உருவமாகத் தெரியும். வேண்டியதைத் தெரிந்து 'கொப்பி' கொடுத்து மற்றக் கார்ட்டுக்கு அனுப்புங்கள். பிரதி எடுக்க இடமளிக்காத சில விளையாட்டுகளும் உண்டு. முதலாவது பிளேஸ்டேஷனின் சேமிப்பை இரண்டாவதன் கார்ட்டில் வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கார்ட்டிலிருந்து நேரடியாக விளையாட முடியாது. விளையாடுவதற்கு மீண்டும் பழைய கார்ட்டுக்கே மாற்ற வேண்டும்.

பீ.எஸ்.பீ. வைத்திருப்போருக்கு வேலை இன்னும் இலகு. மெமரி ஸ்டிக்கில் 'பீ.எஸ்.பீ.' கோப்புறைக்குள் 'சேவ்டேட்டா' என்ற கோப்புறை இருக்கும். அதை முழுமையாகக் கணினிக்குப் பிரதி செய்தால் போதும்.

என் நானா தொழிலுக்காகக் கட்டார் போகும்போது தன் பிளேஸ்டேஷன் 2 ஐ எங்களிடம் விட்டுச் சென்றார். கார்ட் நிறைந்ததும் தம்பி அவருடைய காரோட்டப் பதிவுகளை அழிக்கப் பார்த்தான். நான் இன்னொரு கார்ட் வாங்கி நானாவின் பதிவுகளை அதற்கு மாற்றி, அதன்மேல் அவர் பெயரை ஒட்டி, உம்மாவின் அலுமாரியில் வைத்தேன். தம்பிக்கு இடம் கிடைத்தது. லீவில் வந்த நானா விட்ட இடத்திலிருந்தே காரை ஓட்டினார். "இதுக்குள்ள இவ்வளவு இருக்கா?" என்று பக்கத்தில் அமர்ந்து பார்த்தவர், அதுவரை அதை வெறும் விளையாட்டுச் சாமான் என்று சொல்லி வந்த எங்கள் வாப்பா.

மாணவிகளே, பிரதியை ஒரே பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஈரமும் வெயிலும் படாத வேறோர் இடத்தில் வையுங்கள். எதன் பிரதி, எந்தத் திகதியில் எடுத்தது என்று எழுதி ஒட்டுங்கள். பிரதி திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பாடக் குறிப்புகளுக்கும் குடும்பப் புகைப்படங்களுக்கும் இதே விதிதான்.

பெற்றோரே, பழைய சாமான் வாங்க வருபவரிடம் அந்தப் பெட்டியைக் கொடுக்குமுன், மெமரி கார்ட்டைக் கழற்றி உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.